நான் வெட்டிய படம் பற்றி

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவை இந்தத் தாளின் மேற்புறத்தில் எழுத்தரால் எழுதப்பட்டுள்ளன. படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கின்றன. வயது நாற்பத்தொன்பது. வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். அரசுக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முதுநிலைப் பகுப்பாய்வாளராக வேலை பார்க்கிறேன். திருமணம் ஆகவில்லை, அதற்கும் இந்த விஷயத்துக்கும் தொடர்பு கிடையாது, எழுத்தர் கேட்டதால் சொல்கிறேன். காலஞ்சென்ற என் அண்ணனுடைய வீட்டின் மாடியில் குடியிருக்கிறேன். கீழ்த்தளத்தில் அண்ணி இருக்கிறார். அவர் வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்துகிறார்.

சம்பந்தப்பட்ட புகைப்படக்காரரை எனக்கு இதற்கு முன் தெரியாது. கோடையிலும் தோளில் ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டு வந்ததால் எங்கள் கூடத்தில் அவருக்குச் சால்வை என்று பெயர். அவருடைய முழுப்பெயர் புகாரில் இருக்கிறது. அவர் வாங்கிய விருதுகளும் இருக்கின்றன; ஒரு புகார் மனுவில் அவை எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வாக்குமூலத்தில் சால்வை என்றே எழுதலாமா என்று எழுத்தரைக் கேட்டேன். ஆள் யார் என்று புரிந்தால் போதும் என்றார்.

குடிநீர் வேலையில் இருப்பவர்களின் முகங்களைப் பதிவு செய்ய ஒருவர் வருகிறார், விருப்பமுள்ளவர்கள் ஒத்துழைக்கலாம் என்று எங்கள் இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். இயக்குநர் அனுப்பும் எல்லாச் சுற்றறிக்கைகளிலும் விருப்பமுள்ளவர்கள் என்றுதான் இருக்கும். அதன் பிறகு சால்வை வந்து எங்களை உணவறையில் உட்காரவைத்துப் பேசினார். படம் எடுப்பது என்று சொல்வதே தவறு, எடுப்பது என்றால் ஒருவரிடமிருந்து பறிப்பது என்றார். "நான் யாரையும் எடுக்கறதில்ல. நாம சேர்ந்து உண்டாக்கறோம். கேமரா என் கையில இருக்கு, அதிகாரம் உங்க கையில இருக்கு" என்றார்.

எங்கள் கூடத்துக்கு மாதிரித் தண்ணீர் கொண்டுவரும் ஊழியர், அவரைப் பாட்டில்காரர் என்போம், எழுந்து, "அப்ப கேமராவ எங்கிட்ட குடுத்துட்டு அதிகாரத்த நீங்க வச்சுக்கறீங்களா சார்" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சால்வையும் சிரித்தார். கேமராவைக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு வரவேற்பு மேசையில் இருக்கும் பெண், ஏதாவது கையெழுத்துப் போடவேண்டுமா என்று கேட்டாள். காகிதம் வந்தால் நம்பிக்கை போய்விடும் என்று சொல்லிவிட்டு, சால்வை தன் சட்டைப் பையிலிருந்து ஒரு தடித்த சிவப்புப் பென்சிலை எடுத்துக் காட்டினார். எடுக்கும் எல்லாப் படங்களையும் சிறிதாக ஒரே தாளில் அச்சிட்டுக் கொண்டுவருவார், அவரவர் தாளில் அவரவர் வேண்டாத படத்தை அந்தப் பென்சிலால் குறுக்கே கோடு போட்டு வெட்டிவிடலாம், அதுதான் ஒப்பந்தம் என்றார். "உங்க கோடுதான் கடைசி வார்த்தை" என்பது அவர் சொன்னது. அங்கே இருந்த அனைவரும் கேட்டார்கள்.

எனக்குப் படம் எடுத்துக்கொள்வதில் நாட்டம் கிடையாது. ஆனால் வேண்டாததை விலக்கும் ஏற்பாடு எனக்குப் பழக்கமானது. தேறாத மாதிரியின் பாட்டிலில் நாங்கள் சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டுவோம். ஒட்டியபின் அது கழிவுத் தொட்டிக்குப் போகும். அதைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வைத்து, நிராகரிப்பின் அழகைப் பாருங்கள் என்று யாரையும் கூப்பிடமாட்டோம். அந்த வழக்கத்தை நம்பி நான் சம்மதித்தேன்.

என்னை எடுத்தது தராசு அறையில். அங்கே வடக்குப் பக்கம் ஜன்னல் இருக்கிறது, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று அவர் அந்த அறையைக் கேட்டார். அந்த அறையில் நாங்கள் பேசுவதில்லை; மூச்சுக்காற்று பட்டாலே தராசின் எண் மாறிவிடும். அவர் பேசிக்கொண்டே இருந்தார். முதலில் தண்ணீரைப் பற்றிப் பேசினார், தண்ணீர் எதையும் மறப்பதில்லை என்று ஏதோ சொன்னார். மறக்கும், வடிகட்டினால் மறக்கும் என்றேன். அதை அவர் ரசிக்கவில்லை. அதன் பிறகு, "அண்ணன் போன மறுவாரமே வேலைக்கு வந்துட்டீங்களாமே மேடம். நீங்க அழுது யாருமே பாக்கலையாமே" என்றார். இதை அவருக்கு எங்கள் கூடத்தில் யார் சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அவர் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்காமலேயே குரலை மட்டும் இறக்கி, "யாருக்காக அடக்கி வச்சிருக்கீங்க" என்று கேட்டார்.

அப்போது எனக்குக் கண்ணீர் வந்தது. வாய் கோணிக்கொண்டது. தராசின் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டேன், பிடிக்கக்கூடாத இடம் அது. மற்றக் கையைத் தூக்கி, நிறுத்துங்கள் என்றேன். கேமராவின் சத்தம் நிற்கவில்லை. எல்லாம் ஆனபின் அவர் தன் நெஞ்சில் கையை வைத்து எனக்கு நன்றி சொன்னார். அப்போது அவர் கண் மூடியிருந்தது. அந்தக் கேள்வியை அவர் மற்றவர்களிடமும் அதே குரலில் கேட்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. பாட்டில்காரரிடம் அவருடைய தகப்பனாரைப் பற்றிக் கேட்டாராம். "எங்கப்பா உயிரோடதான் சார் இருக்காரு, வெளியில வண்டிய தொடைச்சுக்கிட்டு இருக்காரு" என்று சொன்னதும் வேறு கேள்விக்குப் போய்விட்டாராம்.

அடுத்த வாரம் தாள்களைக் கொண்டுவந்தார். பாட்டில்காரர் தொப்பை தெரியும் படங்களையெல்லாம் வெட்டினார், ஒன்று மிஞ்சியது. வரவேற்பு மேசைப் பெண், "எல்லாத்துலயும் நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு வெட்டணும்" என்று பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் அழுத படங்கள் ஒரு முழு வரிசை இருந்தன. ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை வெட்டினேன். கடைசியாக எடுத்ததில், கையைத் தூக்கி நிறுத்தச் சொன்ன படத்தில், பென்சிலை அழுத்தியதால் தாள் கொஞ்சம் கிழிந்தது. தராசைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு படத்தை மட்டும் விட்டுவைத்தேன். "இது அடையாள அட்டைப் படம் மாதிரி இருக்கே மேடம்" என்றார். அடையாளம் தெரிந்தால் போதும் என்றேன். வெட்டியவை வெளியே போகக்கூடாது என்று வாயாலும் சொன்னேன். அவர் தலையாட்டினார். தாளை ஒரு மெல்லிய காகிதத்துக்கு நடுவில் வைத்து, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனார். அது மரியாதை என்று நினைத்தேன்.

அதன் பிறகு சில மாதங்கள் அவரைப் பற்றிப் பேச்சு இல்லை. சென்ற வாரம் ஒரு நாள் நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அண்ணி மாடியில் என் சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் முழங்கால் வலியால் சாதாரணமாக மாடி ஏறமாட்டார். மேசைமேல் ஒரு அழைப்பிதழ் இருந்தது, பறக்காமலிருக்க அதன் ஓரத்தில் டம்ளரை வைத்திருந்தார். புகைப்படக் கண்காட்சிக்கான அழைப்பிதழ். அதன் அட்டையில் நான் அழுதுகொண்டிருந்தேன். முகத்தின் குறுக்கே என் சிவப்புக் கோடுகள் இருந்தன, கிழிசலும் இருந்தது. தையல் வகுப்புக்கு வரும் ஒரு பெண், உங்கள் நாத்தனார்தானே என்று கேட்டுக் கொண்டுவந்து கொடுத்தாளாம்.

"உங்க அண்ணன் போனப்ப எம்பக்கத்துல கல்லு மாதிரி உக்காந்திருந்த" என்றார் அண்ணி. "இவளால முடியல, அவ்வளவுதான்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். முன்னபின்ன தெரியாத ஒருத்தன் கேமராவத் தூக்கிட்டு வந்து கேட்டா அழ முடியுது உனக்கு."

"அண்ணி, நான் அத வெட்டிட்டேன். வெளிய விடக்கூடாதுன்னு சொல்லித்தான் வெட்டினேன்."

"வெட்டினதாலதான் பாக்க இன்னும் கேவலமா இருக்கு" என்றார்.

அண்ணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார், என்னைப் பிடித்துக்கொள்ள விடவில்லை. அன்றிலிருந்து என்னுடன் பேசவில்லை. வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டால் தையல் இயந்திரத்தை வேகமாக மிதிப்பார்.

அதன் பிறகு சனிக்கிழமை நான் கண்காட்சிக்குப் போனேன். அது முன்பு வங்கியாக இருந்த கட்டடத்தின் கீழ்த்தளம். தரைக்கு மெழுகு போட்டிருந்தார்கள். படங்கள் ஆள் உயரத்துக்கு இருந்தன. நாங்கள் விட்டுவைத்த படம் ஒன்றுகூட அங்கே இல்லை. வெட்டியவை மட்டும்தான் இருந்தன. சிவப்புக் கோடுகள் பெரிதாக்கப்பட்டு, ஒவ்வொன்றும் மணிக்கட்டுத் தடிமனுக்கு இருந்தது. எதையும் வெட்டாத வரவேற்பு மேசைப் பெண்ணுக்குச் சுவரில் இடமே இல்லை. பாட்டில்காரரின் தொப்பை ஒரு தூணுக்குப் பக்கத்தில் இருந்தது. பார்க்க வந்தவர்கள் என் முகத்துக்கு முன்னால் நின்று, தலையைச் சாய்த்து, பிறகு இரண்டு அடி பின்னால் வந்து மறுபடியும் தலையைச் சாய்த்தார்கள். ஒருவர் தன் மனைவியிடம், இந்தப் பெண்மணிக்கு எவ்வளவு கோபம் பார் என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

சால்வை அங்கேயே இருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார். நான் வெட்டிய படம் வெளியே போகாது என்றீர்களே என்று கேட்டேன்.

"படம் போகல மேடம். படத்த நீங்க வெட்டிட்டீங்க. இங்க இருக்கறது நீங்க வெட்டினது. இது உங்க படைப்பும்தான்" என்றார். "உங்க மறுப்புதான் இதுக்கு உயிர். கோடு இல்லேன்னா இது வெறும் அழுகை."

இதைச் சொல்லும்போது அவர் வெட்கப்படவில்லை. யோசித்துச் சொன்னதாகவும் தெரியவில்லை. பல பேரிடம் சொல்லிப் பழகிய வாக்கியம்போல் வந்தது. இறக்குங்கள் என்றேன். என் பெயரையும் படத்துக்குக் கீழே இணைப் படைப்பாளர் என்று போடுவதாகச் சொன்னார். பெயர் வேண்டாம், படத்தை இறக்குங்கள் என்று மறுபடியும் சொன்னேன். "இந்த உரையாடலே அருமையா இருக்கு மேடம், இதையும் பதிவு பண்ணலாமா" என்று கைப்பேசியை எடுத்தார். கேட்டுவிட்டுத்தான் எடுத்தார் என்பதையும், கேட்கும்போதே அது ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். நான் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இயக்குநருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "கலை சம்பந்தப்பட்ட விஷயம், நமக்கெதுக்கு" என்றார். சுற்றறிக்கை அனுப்பியபோது அவருக்கு அது தோன்றவில்லை.

அதன் பிறகு திங்கட்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்திலுள்ள பெயின்ட் கடையில் ஒரு கறுப்பு பெயின்ட் டப்பாவும் அகலமான பிரஷ்ஷும் வாங்கினேன். கடைக்காரர், "கேட்டுக்கா மேடம், ஜன்னலுக்கா" என்று கேட்டார். ஜன்னலுக்கு என்று சொல்லிவிட்டேன். இதில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். கண்காட்சிக் கூடம் திறந்தபின் உள்ளே போனேன். படத்துக்கு முன்னால் நின்றிருந்த இருவரை, பெயின்ட் தெறிக்கும் என்று சொல்லித் தள்ளி நிற்கச் சொன்னேன். பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்தேன். மேலிருந்து கீழாக, முகம், தூக்கிய கை, கோடுகள், எதுவும் தெரியாதபடி இரண்டு பூச்சுப் பூசினேன். மேற்புறத்துக்கு எட்டவில்லை, காவலாளியின் முக்காலியை அவரிடம் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று தெரியாமல்தான் கொடுத்தார், அவருக்கு இதில் பங்கு இல்லை. வேறு எந்தப் படத்தையும் தொடவில்லை.

கண்காட்சிக் கூடத்தின் மேலாளர் அம்மாள் ஓடிவந்து போலீசைக் கூப்பிடப்போகிறேன் என்றார். கூப்பிடுங்கள் என்றேன். பிரஷ்ஷை டப்பாவிலேயே வைத்து மூடியை மேலே சாய்த்துவிட்டு அங்கிருந்த நாற்காலியில் காத்திருந்தேன். அதன் பிறகு காவலர்கள் வந்து என்னையும் டப்பாவையும் படத்தையும் நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். மேலாளர் அம்மாளின் புகார் பதிவு செய்யப்பட்டது.

எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்த பாட்டில்காரர், நிலையத்தின் வராந்தாவில், "என் தொப்பைக்கும் ரெண்டு இழுப்பு இழுத்து விட்டிருக்கலாமே மேடம்" என்றார்.

"நீங்க கேக்கலையே" என்றேன்.

அதன் பிறகு சால்வை வந்தார். மேலாளர் அம்மாளும் கூட வந்தார். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரோரம் சாத்தியிருந்த படத்தின் முன்னால் போய் மண்டியிட்டு உட்கார்ந்தார். பெயின்ட் சில இடங்களில் இன்னும் காயவில்லை. அவர் கண்கள் கலங்கின. சேதத்துக்காக என்று நினைத்தேன். "முடிச்சு வச்சிட்டாங்க சார். நான் ஆரம்பிச்சத மேடம் முடிச்சு வச்சிட்டாங்க" என்று ஆய்வாளரிடம் சொன்னார். வழக்கு எதுவும் வேண்டாம், இப்படியே திரும்பக் கொண்டுபோய் அதே இடத்தில் மாட்டப்போகிறேன், முதலில் முகம், பிறகு மறுப்பு, இப்போது மறைப்பு, மூன்று கட்டமும் சேர்ந்தால்தான் இது முழுமை என்றார். மேலாளர் அம்மாள் காலையில் என்னைக் கிறுக்கச்சி என்று சொன்னவர். இப்போது அவரும் தலையாட்டினார்.

எழுத்தர் ஒரு சமாதானக் கடிதம் எழுதினார். இன்று நடந்தது இரு தரப்பும் சேர்ந்து உருவாக்கும் கலைப் படைப்பின் ஒரு பகுதி, எனவே புகார் கைவிடப்படுகிறது என்று அதில் எழுதும்படி சொன்னவர் சால்வை. இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால் நான் வீட்டுக்குப் போகலாம். படமும் போகும்.

நான் கையெழுத்துப் போட மறுத்தேன்.

"ஏம்மா, உள்ள போறதுக்கு இவ்வளவு ஆசையா" என்று ஆய்வாளர் கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நான் அரசு ஊழியர், வழக்கு என்று வந்தால் முதல் வேலையாகப் பணியிடை நீக்கம் செய்வார்கள், தீர்ப்பு பாதகமாக வந்தால் ஓய்வூதியமும் சந்தேகம், இத்தனை வருட வேலை வீணாகிவிடும் என்று எடுத்துச் சொன்னார். "அவரே பெருந்தன்மையா விட்டுக் குடுக்கறாரு. நீங்க எதுக்கு முரண்டு பிடிக்கிறீங்க."

நான் சொன்னது இது: அவர் விட்டுக்கொடுக்கவில்லை, வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார். என் அழுகையை எடுத்தார், அதை வேண்டாம் என்று நான் போட்ட கோட்டை எடுத்தார், இப்போது அதன்மேல் நான் பூசிய கறுப்பையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார். நான் எதைச் செய்தாலும் அது அவருக்குச் சம்மதமாக இருக்கிறது. எனக்குச் சம்மதம் இல்லை என்பதைச் சொல்ல எனக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி, நான் செய்தது குற்றம் என்று எழுதிக்கொடுப்பதுதான். குற்றத்தில் அவர் பங்கு கேட்கமாட்டார்.

"அதுலயும் எனக்கு ஆட்சேபம் இல்ல மேடம்" என்றார் சால்வை. கேமராவை வெளியே எடுத்தார். ஆய்வாளர் அதை மேசைமேல் வைக்கச் சொன்னார்.

இந்த நேரத்தில் அண்ணி வந்தார். வீட்டில் யாராவது எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்று ஆய்வாளர்தான் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, கழற்றாமலே வந்திருந்தார். என்னிடம் பேசவில்லை. கறுப்பாக இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சால்வை அவரிடம் சென்று, தங்கள் குடும்பத்தின் துயரத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று ஆரம்பித்தார்.

"பங்கா" என்றார் அண்ணி. "எம்புருசன் செத்ததுக்கு உனக்கென்ன பங்கு. நீ யாரு, அவருக்கு ஒண்ணு விட்ட தம்பியா." பிறகு ஆய்வாளர் பக்கம் திரும்பி, "இவ கையெழுத்துப் போட்டா இந்தப் படம் எங்க போகும் சார்" என்று கேட்டார்.

"அவங்க எடுத்துட்டுப் போயிருவாங்கம்மா. திரும்ப மாட்டுவாங்க."

"போடலேன்னா?"

"கேஸ் சொத்தும்மா. இங்க சாமான் அறையில பூட்டி வைப்போம். கேஸ் முடியற வரைக்கும் யாரும் தொட முடியாது."

"எத்தனை நாளாகும்?"

"நாளா. எட்டு வருசம், பத்து வருசம்கூட ஆகும். அதத்தான் நானும் இவங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

அண்ணி பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்காலை நீட்டிக்கொண்டார். "அப்ப கேஸ் போடுங்க சார்" என்றார். "இவ சம்பளம் நின்னா நான் தைக்கிறேன்."

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். இதையே என் பதிலாகவும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். சால்வை ஏதோ சொல்ல வந்தார். இது வாக்குமூலம் பதிவு செய்யும் இடம், பேட்டி எடுக்கும் இடம் அல்ல என்று சொல்லி அவரை ஆய்வாளர் வராந்தாவுக்கு அனுப்பினார். சால்வை கதவின் கண்ணாடி வழியாகப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். காவலர் இருவர் அதைத் தூக்கி, முகப்பைச் சுவர் பக்கமாகத் திருப்பிச் சாமான் அறையில் வைத்ததை நானும் அண்ணியும் பார்த்தோம்.

மேற்சொன்ன செயலை நான் சுய நினைவோடு, முன்யோசனையோடு, தனியாகச் செய்தேன். அந்தப் படத்தைக் கெடுக்கவேண்டும் என்பது மட்டுமே என் நோக்கம். அதில் கலை நோக்கம் எதுவும் இல்லை. வருத்தமும் இல்லை. சமாதானக் கடிதத்தில் இப்போதும் பிறகும் கையொப்பமிட மறுக்கிறேன்.

இதில் உள்ளவை யாவும் நான் சொல்லச் சொல்ல எழுத்தரால் எழுதப்பட்டவை. எழுதியபின் எனக்குப் படித்துக் காட்டப்பட்டன, நானும் ஒருமுறை படித்தேன். எல்லாம் உண்மை. என்னோடு சேர்ந்து இதை யாரும் உருவாக்கவில்லை.

(கையொப்பம்)